செருப்பு ரப்பரில் நின்ற ஊசிகள்

உக்குவளையில் தையல் தைத்துக் குடும்பம் நடத்தும் ஸைனம்புவுக்கு, கொல்லையிலுள்ள சாதிக்காய் மரங்களும் ஒரு துணை. மழை நாளில் காயின் கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த வசுவாசித் தோலை மின்சாரப் பெட்டிகளில் காயவைப்பாள். பெட்டிகள் நேரத்துக்கு அணைந்து எரிய ஸ்மார்ட் பிளக் போட்டிருந்தாள்.

பிளக் செய்த கம்பெனி மூடிப்போயிற்று. அதன் சேர்வர் நின்றதும் பிளக்குகள் வெறுமனே கண்சிமிட்டின. பெட்டியை நேரே கரண்டில் போட்டாள். ஒரு தட்டு கருகியது. மிச்ச வசுவாசி ஈரத்தோடு கிடந்தது. இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பிளக்குகளை விற்ற கடையின் ஆள் இந்திரகுமார் புது மாதிரியோடு வந்தார். “பழசத் தூக்கிப் போடுங்க அக்கா. தொறந்தீங்கன்னா வாரண்டி போயிரும்.”

“கம்பெனியே போயிட்டு தம்பி. வாரண்டி மட்டும் எங்க குந்திக்கிட்டு ஈக்கி?”

தங்கை றுக்ஸானா கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்பவள். வேறு புரோகிராமை ஏற்றினால் வீட்டு வைஃபையிலேயே பிளக் ஓடும் என்றாள். ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்த சின்னச் செம்புப் பொட்டுகளில் ஈயம் வைத்து, கம்ப்யூட்டருக்குப் போகும் வயரை ஒட்டினாள். வயரை எடுக்கையில் பொட்டும் பிய்ந்து வந்தது.

“இது சரிவராது ராத்தா. புதுசே வாங்குவோம்.”

“அல்லாஹ் தந்த கை ரெண்டும் சும்மாவா ஈக்கி? ஒட்ட வேணாம். தொட்டுக்கிட்டு நிண்டாப் போதும் தானே?”

ஸைனம்பு பொட்டுகளின் மேல் காகிதம் வைத்துக் குத்தி அச்செடுத்தாள். அதைப் பலகைத் துண்டின் அடிப்பக்கத்தில் ஒட்டித் துளையிட்டு, தடித்த ஊசிகளை இறக்கினாள். ஊசிக் காதுகளில் செம்புக் கம்பி கோத்து முறுக்கினாள். ஊசிகள் அமுங்கிக் கொடுக்க, மேலே பழைய செருப்பு ரப்பர்.

றுக்ஸானா அதைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தாள். “சட்டைக்கு ரெண்டு கையையும் எடது பக்கத்துக்கே வெட்டின மாதிரி ஈக்கி ராத்தா.”

காகிதம் ஒட்டிய முகம் பிளக்கைப் பார்த்துக் கவிழ்கிறது; அதனால் இடம் வலமாகிவிட்டது. ஸைனம்பு கோபப்படவில்லை. காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வேறு துண்டில் துளையிட்டு ஊசிகளை மாற்றினாள்.

கம்பிகளைக் கம்ப்யூட்டர் வயரோடு இணைத்தாள். இன்னொரு பிளக்கைத் திறந்து, கரண்டில் செருகாமல், பிஸ்மி சொல்லி ஊசிகளைப் பொட்டுகளில் அழுத்திப் பிடித்தாள். கம்ப்யூட்டர் திரையில் புரோகிராம் ஏறுவதைக் காட்டும் கோடு கடைசிவரை ஓடியது. பிளக்கை மூடி, திருகாணி முறுக்கி, பெட்டியோடு மாட்டினாள். போனைத் தொட்டதும் ‘டிக்’ என்றது. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

மறுநாள் இந்திரகுமார் வந்தபோது பெட்டிகள் சூடாக இருந்தன.

“நீங்களா தொறந்தீங்க? கடை முதலாளிக்குச் சொல்ல வேண்டி வரும் அக்கா.”

“சொல்லுங்க தம்பி,” என்றாள் ஸைனம்பு, மெதுவாக. “அப்படியே ஊருக்குள்ளயும் சொல்லுங்க. செத்த பிளக் வச்சிருக்கிறவங்க இங்க கொண்டு வரட்டும்.”