எடைக்கல்லில் கட்டிய கைகள்

ஈயம் உருகும்போது கூடவே எழும் பிசின் புகை மூக்கில் இனிப்பாக ஏறி, தொண்டைக்குப் போனதும் காரமாகிவிடும். பாபநாசத்துக்கு அருகில் குடமுருட்டிக் கரையிலிருந்த எங்கள் வீட்டின் கொல்லைத் தாழ்வாரத்தில், எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை முழுக்க அந்தப் புகைதான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படித்த என் அக்கா வசந்தி, தள்ளிப்போயிருந்த செய்முறைத் தேர்வுக்காக, தொட்டி நிரம்பினால் கூவுகிற அலாரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய வலது கையில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற, சூடேறிய "சால்ட்ரிங் அயர்ன்", இடது கையில் ஈயக் கம்பி. மெல்லிய வயரை சுவிட்சின் காலோடு சேர்த்துப் பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும். அந்தக் கை நான்.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. "இவளுக்கு உக்காந்தா முள்ளு குத்தும்" என்பாள் அம்மா. "நோஸ் பிளேயர்" என்ற கூர்மூக்குக் குறடால் வயரைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்த மறுநிமிடமே முழங்கால் அரிக்கும், தெருவில் ஏதாவது சைக்கிள் மணி அடிக்கும், அது யாரென்று பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் போலிருக்கும். ஈயம் ஆறி இறுகும்வரை வயர் அசையக் கூடாது, அசைந்தால் ஒட்டு மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பிடித்திருக்காது என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணுவேன். ஏழிலேயே கை ஆடிவிடும்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஒரு முற்பகலில், ஆற்றுப் பக்கமிருந்து "தண்ணி வந்துட்டு! தண்ணி வந்துட்டு!" என்ற கூச்சல் கிளம்பியது. கல்லணையில் திறந்த தண்ணீர், மாதக்கணக்காய் மணலாய்க் கிடந்த எங்கள் ஆற்றுக்குள் நுழைகிற நாள் அது. நான் பிளேயரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். பிடி விட்டதும் வயர் துள்ளியதும், அயர்ன் சரிந்ததும், அக்கா "அம்மா" என்று அலறியதும் என் முதுகுக்குப் பின்னால் நடந்தன. அலறல் காதில் விழுந்தது, விழுந்தும் நான் நிற்கவில்லை. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு மணலை நக்கியபடி வந்த தண்ணீருக்கு முன்னால் மற்றப் பிள்ளைகளோடு கத்திக்கொண்டே பின்னோக்கி ஓடினேன். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை இப்போதும் மறைக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அக்காவின் இடது உள்ளங்கையில் அயர்ன் சுட்ட இடத்தில் அம்மா பேனா மையைத் தடவிக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து வந்த அப்பா கையைப் பார்த்தார், பிளக்கைப் பிடுங்கினார், அயர்னை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இந்தக் கைக்கு என்ன பதில் சொல்றது? படிச்ச வரைக்கும் போதும். நெருப்பு வேலையெல்லாம் இனிமே இந்த வீட்டுல வேணாம்."

அலாரம் இல்லாவிட்டால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் ஓசூர்த் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் முன்னால் போய் நிற்க முடியாது. அக்கா அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. உளுந்து நிறுக்க வைத்திருந்த ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து, அதன் வளையத்தில் இரண்டு கட்டுக்கம்பிகளை முறுக்கி, நுனிக்கு ஒன்றாக முதலை வாய்போல் கவ்வும் சின்னக் கிளிப்புகளை மாட்டினாள். மறுநாள் அப்பா சாப்பிட்டு எழுந்ததும் அதை அவர் முன்னால் வைத்து, ஒரு கிளிப்பில் வயரும் மற்றதில் சுவிட்சுமாகக் கவ்வக் கொடுத்துக் காட்டினாள்.

"பாருங்கப்பா, நெருப்புகிட்ட இனிமே யாரு கையும் போய்ப் புடிக்க வேணாம்."

அப்பா கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு குறடை எடுத்து, லொடலொடத்த முறுக்கை அவரே இறுக்கினார். அயர்ன் பரணிலிருந்து இறங்கியது.

எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. தாழ்வாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "நான் புடிக்கவாக்கா?" என்று கேட்டதற்கு அக்கா நிமிராமலே சொன்னாள்: "வேணாம். அது ஓடாது."

தேர்வுக்கு முதல்நாள், அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு கிளிப்பைக் கழற்றிப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். அக்கா தாழ்வாரம் முழுக்கத் தேடினாள். கடைசி ஒட்டு ஒன்று பாக்கி இருந்தது. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். பிளேயரோடு உட்கார்ந்தேன், மடிப்புக்குள் கிளிப் இடுப்பைக் குத்தியது, ஈயம் ஆறுவதற்குள் என் விரல் மயிரிழை அசைந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

மறுநாள் அவள் வரும்வரை வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்குமாக எத்தனை தடவை ஓடினேனோ தெரியாது. வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பரீட்சைக்கு வந்த சார் முன்னால் அலாரம் கூவவில்லையாம். கடைசி ஒட்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதாம். பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அயர்ன் ஒரு கையிலும் ஈயம் புண்பட்ட கையிலுமாக, வயரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ஒட்டியிருக்கிறாள். அலாரம் கூவியிருக்கிறது. அந்த ஆவணியிலேயே அவளுக்கு ஓசூரில் வேலை. பஸ் ஏற்றிவிட அப்பாதான் போனார். அன்றைக்கே கிளிப்பை ஆற்றில் வீசினேன்.

அப்பா இப்போது இல்லை. வீடு கைமாறி, தாழ்வாரம் இருந்த இடத்தில் காங்கிரீட் தளம். எடைக்கல் எந்தப் பழைய இரும்போடு போனதோ தெரியவில்லை. என் மகள் கல்லூரிச் செய்முறைக்காக, ஒட்டும்போது வயரைக் கவ்விப் பிடிக்க ஆன்லைனில் வரவழைத்த ஸ்டாண்டில் பூதக்கண்ணாடியும் விளக்கும் இருக்கின்றன, கைகள் நான்கு. அதைப் பார்த்த அன்று ஓசூருக்குப் போன் போட்டு, முப்பது வருஷமாக மென்று விழுங்கியதை அக்காவிடம் கொட்டிவிட்டேன்.

"கிளிப்பா? எந்தக் கிளிப்புடி?" என்றாள். ஓடியதை நினைவுபடுத்தினேன், கல்லை, கம்பியை, கடைசி ஒட்டை. "பல்லால புடிச்சதுதான் ஞாபகம் இருக்கு. அதைப் பாத்துதான் அந்த சாரு எனக்காக ஓசூர்க் கம்பெனில சொல்லிவிட்டாரு. நீ அப்ப அங்க இருந்தியா என்ன?"

பேரன் அழுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியாவது இருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் அடுப்படிக்குமாக வெகுநேரம் நடந்துகொண்டிருந்தேன்.