தேவசகாயம் பிடித்துக்கொடுத்த படகு

ஞாயிற்றுக்கிழமை காலை. அலுவலகப் பியூன் சைக்கிளை விட்டு இறங்காமல், வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சார், தேவசகாயம் அய்யா பூட்டாரு. வெடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். அவ்ளோதான்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் மாலை வரை என் எதிர் மேஜையில் உட்கார்ந்து, வருகிற கோடை விடுமுறைக்கு எந்தப் படகு வாய்க்கும் என்று பேசிக்கொண்டிருந்த மனிதர். இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

செங்கற்பட்டுக் கோர்ட்டில் நகல் பிரிவுக் குமாஸ்தாவாக அவரைப் பலர் அறிவார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கோர்ட்டு மூடியதும் எங்களையெல்லாம் குடும்பத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போகிறவர் அவர்தான். சென்னைக்குச் சவுக்கு விறகு ஏற்றிப்போகும் படகுகள் வெறுமையாகத் திரும்பிவரும். ஆளைப் பார்த்து வாடகை சொல்லும் படகுக்காரர்களை விட்டுவிட்டு, அந்த வெறும் படகைத்தான் அவர் பிடிப்பார். "எப்டியும் அவன் போயாவணும் சார். நம்மள ஏத்திக்கினா அவனுக்கும் லாபம், நமக்கும் லாபம்" என்பார். புடவையில் விறகுத் தூசி ஒட்டும் என்று பெண்கள் முணுமுணுத்தால், தாமே பாயை உதறி விரித்துக் கொடுப்பார்.

நான் பொறுமை இல்லாதவன். சீக்கிரம் போகிற படகாகப் பாருங்களேன் என்று வருஷா வருஷம் அவரோடு மல்லுக்கு நிற்பேன். "போய்ச் சேர்றதுக்கு பஸ்ஸு கீதே சார். நாம துட்டு குடுக்கிறது தண்ணிமேல இருக்கிறதுக்கு. சட்டுனு எறக்கி வுட்டுட்டான்னா யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பார்.

அணா போய்ப் புதுக் காசு வந்த வருஷம், பொங்கல் கழிந்த கையோடு, எங்கள் ஒரே பையன் விஷசுரத்தில் போய்விட்டான். மூன்று வயது. என் மனைவி சரோஜா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், வாயில் வைக்கமாட்டாள். முரளி என்று நான் பையன் பெயரை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். இவளும் என் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். கோடை வந்தது. தேவசகாயம் வீட்டுக்கு வந்து, "தங்கச்சியக் கூட்டிக்கினு வாங்க சார், படகு சொல்லிக்கீறேன்" என்றார். வற்புறுத்தவில்லை. ஆனால் நான் சரி என்று சொல்லும்வரை தினமும் வந்து நின்றார்.

திருப்போரூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கால்வாய்க் கரைக்குப் போனோம். படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "தெக்கத்திக் காத்து சார், எதுக்க அடிக்கிது. பாய் ஏத்துனாலும் வேலைக்காவாது. கரைமேல நடந்து, கவுறு போட்டு இஸ்துகினுதான் போவணும். பொய்து சாஞ்சிடும்." கூட வந்த குமாஸ்தாக்கள் முகம் சுளித்தார்கள். தேவசகாயம் மட்டும் "அப்டிப் போடு" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

படகுக்காரரின் மச்சான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடந்தார். அவர் நடக்கிற வேகம்தான் படகின் வேகம். சரோஜா விளிம்பில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில் ஏறிற்று. அவர் சட்டையில்லாத முதுகில் கயிறு பட்ட இடம் சிவந்திருந்தது. நெம்மேலி தாண்டும்போது, யார் பக்கமும் திரும்பாமல், "அந்த அண்ணன் சாப்பிட்டாரா?" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் கேட்ட குரல்.

தேவசகாயம்தான் பதில் சொன்னார்: "இன்னும் இல்ல தங்கச்சி. நீ போட்டீன்னா துன்னுவாரு." படகைக் கரையோரம் ஒதுக்கச் சொன்னார். சரோஜா புளியோதரைத் தூக்கைத் திறந்து இலையில் வைத்தாள். கயிறு இழுத்தவர் கூச்சப்பட்டுக்கொண்டு "போதும்மா" என்றார். "இன்னும் நடக்க வேணாமா?" என்று மேலும் ஒரு கை அள்ளி வைத்தாள். பிறகு தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஒரு சிற்பமும் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தேவசகாயத்தைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்கள். "கல்லுதானே, எங்க ஓடிடப் போவுது" என்று சிரித்தார். எதிர்க்காற்று என்று தெரிந்தேதான், எங்களுக்காக அந்தப் படகைப் பிடித்தீர்களா என்று பின்னால் ஒருநாள் அலுவலகத்தில் கேட்டேன். "சேச்சே, வாடகை கம்மி சார்" என்று பேனாவை உதறிவிட்டு நகல் எழுதத் தொடங்கினார். நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

அதன்பின் சரோஜா பேசினாள், சாப்பிட்டாள், வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பையனுக்காக மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அவன் பெயரையும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பியூன் வந்து சொன்ன அந்த ஞாயிறு மதியம் இருவரும் தேவசகாயத்தின் வீட்டுக்குப் போனோம். மார்பில் சிலுவை வைத்துக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும், சரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அண்ணா, முரளி அங்க தனியா இருக்கான். கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். சொன்னவள், அந்தக் கையிலேயே முகத்தைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். பெண்கள் தேற்ற வந்தார்கள். விடுங்கள், அழட்டும் என்றேன்.

போய்வாருங்கள், தேவசகாயம். பையனுக்குப் புது ஆள் என்றால் முதலில் கொஞ்சம் பயம். கையைப் பிடித்துக்கொண்டால் வந்துவிடுவான்.