பாதிச் சவரம்

முருங்கை மரத்தில் ஆணி அடித்து ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். வேங்கிக்காலில் எங்கள் வரிசை வீட்டு ஆண்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷ், வட்ட சோப்போடு வந்து நிற்பார்கள். வெந்நீர் எங்கள் அடுப்பிலிருந்து போகும். சீக்கிரம் முடிகிற வேலைதான், யாரும் முடிக்க மாட்டார்கள். ஜாஸ்தி நேரம் எடுப்பது என் வீட்டுக்காரர். கீழ்பென்னாத்தூர் பஸ் டிரைவர். மற்ற நாளில் அவசரம். அன்றைக்கு நுரை கன்னத்தில் ஏறும்வரை பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டே இருப்பார். கடைசியில் படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார். அந்தக் குளிர்ந்த கன்னத்தை நான் தொட்டுப் பார்ப்பேன்.

பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்யக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் தடவை தாடி விட்டார். ஏழாம் மாதம் குழந்தை தங்கவில்லை. புதைத்துவிட்டு வந்து அன்றைக்கே எடுத்தார். கண்ணாடி பார்க்காமல், பச்சைத் தண்ணீரில். கன்னமெல்லாம் வெட்டு. நான் தொடவில்லை.

மறுபடி மாசமானேன். மறுபடி தாடி. பௌர்ணமிக்குக் காவி வேட்டி கட்டி மலை சுற்றப் போனவர், அடி அண்ணாமலையில் கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒருத்தர் இவரைச் சாமியார் என்று நினைத்து இரண்டு வாழைப்பழம் வைத்துக் காலில் விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பழத்தை என்னிடம் கொடுத்து, "சாப்பிடு, தாடி சம்பாதிச்சது" என்றார். அதிலிருந்து வரிசையில் எல்லாரும், "இன்னாண்ணே, எந்த ஆசிரமம்?" என்றுதான் கேட்பார்கள்.

பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டோம். தாடியை எடுக்கவில்லை. குழந்தையையும் தூக்கவில்லை. தள்ளி நின்று பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வெந்நீர் வைத்து, நுரை கலக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"பிளேட எடுத்தா போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு இருக்குது" என்றார்.

"அப்ப புள்ள போனப்புறம் எடுத்தீங்க. இப்ப இருக்கறப்ப எடுங்க."

நுரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பிறகு மரத்தடிக்குப் போனார். குழந்தையோடு நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் முடிந்தபோது அவள் வீறிட்டு அழுதாள். ரேசரைக் கீழே போட்டுவிட்டு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தூக்கினார். அவள் நெற்றியில் நுரை ஒட்டிக்கொண்டது. நெஞ்சின் மேலேயே தூங்கிவிட்டாள். இறக்கிவிட அவருக்கு மனசில்லை. சாயங்காலம்வரை ஒரு பக்கம் தாடி, ஒரு பக்கம் சவரம்.

"பாதி சாமி, பாதி ஆசாமி" என்று வரிசையே வந்து பார்த்துச் சிரித்தது. குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று அவர் சத்தமில்லாமல் சிரித்தார். எல்லாரும் போன பிறகு அந்தச் சவரம் செய்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது அவர் இல்லை. போட்டோவில் முகம் முழுசாக, சுத்தமாக இருக்கிறது. எனக்கு அந்த ஒரு பக்கம் போதும்.