நுரையில் எழுதும் கணக்கு

கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைத் தேய்த்த கையோடு, ஆள்காட்டி விரலால் அதில் x² + 7x + 12 என்று எழுதிவிடுவாள் சின்னவள். பின்னாலேயே அக்கா நீரை வழிக்கும் ரப்பர் பட்டையோடு வருவாள். அவள் வந்து சேர்வதற்குள் அதை இரண்டு அடைப்புகளாக உடைத்தாக வேண்டும். அலுவலகக் கட்டடங்களில் சன்னல் துடைப்பது இருவருக்கும் பிழைப்பு. காரணிப்படுத்துவது சின்னவளுக்கு மட்டும் பித்து.

“பெருக்கினா பன்னெண்டு, கூட்டினா ஏழு” என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்குவாள். மூன்றும் நான்கும் அகப்பட்ட நொடியில் வாளி தளும்பும். யோசனை முற்றினால் துடைக்கும் துணியின் முனையைக் கடிப்பாள், சோப்பு என்று தெரிந்தே. அவள் எங்கோ பார்த்து முணுமுணுப்பதைக் கண்டு வாசல் காவலாளி ஒருமுறை கேட்டார்:

“யாரைம்மா தேடறே?”

“ரெண்டு பேரைண்ணே. வந்தா சேர்ந்துதான் வருவாங்க.”

போன தடவை கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டாள். கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டதுதான் காரணம். நாளை மறுபடியும் எழுதுகிறாள். தேறினால் மருந்தாளர் பயிற்சியில் இடம் உண்டு. அடுத்த வருடம் என்றால் வயது தாண்டிவிடும்.

அக்கா ஐந்தாவதோடு நின்றவள். கண்ணாடியில் இழையளவு கோடு தெரிந்தாலும் மறுபடி துடைப்பாள். கணக்கு சரியா தப்பா என்பது அவளுக்குத் தெரியாது. அடைப்புகளைப் பெருக்கினால் முதலில் எழுதியதே அச்சாகத் திரும்ப வரவேண்டும், அதை மட்டும் தங்கையிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.

இன்று கடைசிச் சன்னலில் x² − x − 12. சின்னவள் (x + 4)(x − 3) என்று இழுத்துவிட்டு வாளியை எடுத்தாள்.

“பெருக்கிப் பாத்தியா?”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். நீ துடைச்சிடுக்கா, காஞ்சா கறை நின்னுடும்.”

“நிக்கட்டும். பெருக்கு.”

பெருக்கினாள். நடுவில் +x வந்து நின்றது. முகம் சுண்டிப்போயிற்று.

“மறுபடியும் குறிதான். நாளைக்கும் இப்படித்தான் பண்ணித் தொலைப்பேன்.”

“நாளைக்கு அழறதை நாளைக்கு அழலாம். இப்ப மாத்துடி.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (x − 4)(x + 3). இம்முறை யாரும் சொல்லாமலே, அதன் கீழே ஒவ்வொன்றாகப் பெருக்கி எழுதினாள். நுரை ஓரங்களில் வெள்ளையாகக் காயத் தொடங்கியது. அக்காவுக்குக் கை பரபரத்தது. ஆனாலும் பட்டையைத் தூக்கவில்லை. மேல்வரியையும் கீழ்வரியையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றே.

பட்டையைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த தன் சொந்தக் கைக்குட்டையை உருவி, தங்கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகக்கண்வரை ஈரத்தை ஒற்றியெடுத்தாள்.