புகைவீட்டுக்கு வந்த சீமைப் பிரஷ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில், பீடோர் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் புகைவீட்டுக்காரன். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைப்பது என் வேலை. அட்டைக்கடியில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய பதவி. புகைக்குழாயில் கரி அடைத்துத் தீப்பிடித்தால் பதவி போய்விடும் என்ற பயம் மட்டும் எப்போதும் இருந்தது.

குழாய் துடைக்கச் சீமையிலிருந்து பிரஷ் தருவிப்பதென்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை முடிவு செய்தார். படம் போட்ட விலைப்பட்டியலை ஒரு வாரம் புரட்டினார். எனக்குப் பெண் பார்த்தவர்கள்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. குழாயை அளந்துவரக் கிராணியாரை அனுப்பினார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து எழுத்து வேலையெல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டையோடு ஏணி ஏறுவாரா? பழுது பார்க்க இறக்கி வைத்திருந்த குழாயுச்சி மழைமூடியைத் தரையிலேயே அளந்துகொண்டு போனார். மூடி குழாயைவிட இரண்டு மடங்கு அகலம் என்றேன். காதில் விழவில்லை.

சில மாதங்களில் பிரஷ் வந்தது. முள்ளம்பன்றி மாதிரி இரும்புக் கம்பி. குழாயில் நுழையவில்லை. நுழைந்திருந்தால் தகரம் ஓட்டையாகியிருக்கும்.

“இது உள்ள போவாது கிராணியாரே. தேங்கா நாரு போதும்லா.”

“துரை தெரிஞ்செடுத்தது பிழையாப் போகுமோ? நீ வாயைப் பொத்திக்கொண்டிரு.”

பொத்திக்கொண்டேன். மூங்கில் நுனியில் தேங்காய் நாரைக் கட்டி, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குழாயைத் துடைத்தேன். அதோடு விட்டேனா? வழித்த கரியைச் சீமைப் பிரஷுக்குப் பூசினேன், அது உழைத்ததாகத் தெரிய வேண்டுமே. தோட்டத்து மாரியம்மனுக்குக்கூட அப்படி வாரம் தவறாமல் அலங்காரம் நடந்ததில்லை.

ஒருநாள் துரை சோதனைக்கு வந்தார். குழாய் சுத்தமாக இருந்தது, பிரஷ் கன்னங்கரேலென்று இருந்தது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

“புருசு நல்லா வேலை செய்யுதா?” என்று தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

“ரொம்ப நல்லா செய்யுதுங்க தொரை. கஷ்டமே இல்ல.”

பக்கத்தில் நின்ற கிராணியார் திருப்தியாகத் தலையாட்டினார். துரை கொஞ்சம் யோசித்தார்.

“கஷ்டம் இல்லாத வேலைக்கு நல்ல வெட்டுக்காரன் எதுக்கு? காவக்காரன் பாத்துக்குவான். நீ நாளைக்கு மரத்துக்குப் போ.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரஷைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அளந்தவருக்கும் அவமானமாகிவிடுமே என்று அவர்களுக்காக யோசித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் துரைமேல் வரும் கோபத்தைவிட என்மேல் வருவதுதான் அதிகம்.

மறுநாள் விடியலில் பால்வாளியோடு போய்க்கொண்டிருந்தேன். காவல்காரன் வழியில் நிறுத்தினான்.

“அண்ணே, அந்தப் புருசு எப்படிண்ணே உள்ள போவும்?”

“தொரையக் கேளு” என்றேன்.