விஸ்வநத்தத்தில் கிடைத்த ஐந்து ரூபாய்

விருதுநகரில் நானும் கணவரும் இறங்கியபோது காலை எட்டு மணி. திருச்சியில் எங்களுக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. காலண்டர் ஆர்டர் கொடுக்க சிவகாசிக்கும், அப்படியே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும் போவதாகத் திட்டம். என் கையில் ஒரு சுருக்குப்பை. வித்தியாசமாகத் தெரிந்ததால் பல வருடங்களாக நான் ஒதுக்கி வைத்த சில்லறைகள் அதில் இருந்தன.

அச்சடிக்கும்போது பிசகிப்போய், யாரும் கவனிக்காமல் புழக்கத்துக்கு வந்துவிடும் நாணயங்களின் மேல் எனக்குப் பைத்தியம். என்னிடம் நாலைந்து உண்டு. எல்லாம் விலைக்கு வாங்கியவை. சில்லறையில் தானாக ஒன்றுகூட வந்ததில்லை.

"இருக்கன்குடி போறதுக்குள்ள ஒண்ணு கிடைக்கலைன்னா, பையோட உண்டியல்ல போட்டுட்டு இதை விட்டுடணும்" என்றார் கணவர். சரி என்றேன். கிடைத்தால் இனி வீட்டுக்கு வரும் சில்லறையை அவர்தான் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று நானும் பந்தயம் வைத்தேன்.

சிவகாசி பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த இரண்டு ரூபாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நல்ல காசுதாம்மா, நம்பி வைங்க" என்றார் அவர். நல்ல காசுதான். அதுதான் என் வருத்தம். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும், எட்ட எட்ட நிற்கும் பட்டாசு ஷெட்டுகளும் ஓடின. சிவகாசியில் காலண்டர் வேலை முடிந்தது. கடலைமிட்டாய்க் கடையில் வாங்கிய சில்லறையிலும் ஒன்றும் தேறவில்லை. பந்தயத்தில் ஜெயித்துவிட்ட குஷியில் கணவர் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

மாலை நாலரை மணிக்கு, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு டீக்கடை. பட்டாசுக் கம்பெனி விட்டு வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் பேச்சியம்மாள் கொடுத்த மீதியில் ஒரு ஐந்து ரூபாய். பித்தளை நிறத்தில் மட்டுமே வந்த புது மாதிரிக் காசு, வெள்ளையாக மின்னியது. தவறான உலோகத்தில் அடித்துவிட்டார்கள். கணவரிடம் நீட்டினேன்.

பேச்சியம்மாள் சிரித்தார். "ஒங்க விரலைப் பாருங்க தாயி. அது பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பவுடரு. கம்பெனியில இருந்து நேரா வந்து காசு குடுப்பாக. இங்கன பாதிக் காசு அப்படித்தான் இருக்கும்."

என் கட்டைவிரலும் வெள்ளியாய் மின்னியது. பெஞ்சே சிரித்தது. "உண்டியல் காத்துக்கிட்டிருக்கு" என்றார் கணவர். அழுகை வந்துவிடும் போலிருந்தது. முகத்தை மறைக்கவாவது ஆகட்டுமென்று, குனிந்து காசை முந்தானையால் துடைத்தேன். மஞ்சளாக 5 தெரிந்தது. மறுபுறம் பவுடர் அப்பி, வழவழவென்று இருந்தது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். சிங்கம் வரவில்லை. அங்கேயும் ஒரு 5. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி, உள்வாங்கிய குழியாக.

முதலில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டில் அந்தக் காசின் முகம் இப்படிப் பதிந்துவிடும். இரண்டு காசைச் சேர்த்து நசுக்கி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஆனால் அதில் மேடான பக்கம் மழுங்கிப்போகும். இதிலோ எழுத்துகள் கூர்மையாக நின்றன, விளிம்பும் முழுசாக இருந்தது. அசல்.

"செல்லாதுன்னு ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாக. வெளியூருக்காரக தலையில கட்டிப்புட்டேன். மாத்தித் தரட்டுமா?" என்றார் பேச்சியம்மாள்.

"வேண்டாம்க்கா. இதுக்கு நல்ல விலை இருக்கு. உங்க கடைக் காசு, நீங்களே வச்சுக்கிறதுன்னாலும் சரி" என்றேன். மனசில்லாமல் காசை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "எனக்கு எதுக்கு? இதை வச்சு பாலு வாங்க முடியாது. பெஞ்சுல இருக்கிறவுக அம்புட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் குடுங்க, கணக்குச் சரியாயிரும்."

வாங்கிக் கொடுத்தேன். வடையும் சேர்த்து. கணவரையே பணம் கட்ட வைத்தேன்.

சாத்தூர் வழியாக இருக்கன்குடி போய்ச் சேர்ந்தோம். சுருக்குப்பை என் இடுப்பில் பத்திரமாக இருந்தது. கும்பிட்டுத் திரும்பினால் கணவரைக் காணோம். உண்டியலின் முன்னால் வரிசை நின்றுபோயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் போடப்போன ஒவ்வொரு காசையும் அவர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பி, விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.