எஸ்தர் அக்கா திறந்து காட்டிய பதிவு

ஹைதராபாத் கச்சிபௌலி நெரிசலில் கம்பெனி கேப் நகராமல் நின்றிருந்தபோது, கூட வேலை பார்த்த வேணுவின் போன் வந்தது. "அண்ணா, எஸ்தர் அக்கா போயாரு" என்றான் தன் தெலுங்குத் தமிழில். "எங்கடா போனாங்க, ஊருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. காலையில் ஜெபம் முடித்து, காபி கலக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவில்காரர். கணவர் செல்வராஜ் அண்ணனுக்கு ராணுவத் துறையில் வேலை என்பதால் திருமுல்கேரியில் குடியிருந்தார். எங்கள் கம்பெனியில் டேட்டாபேஸ் நிர்வாகி. இரண்டு பஸ் மாறி வந்தாலும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். வந்ததும் மகளுக்கு ஒரு போன்: "சாப்பிட்டியாட்டி?" அந்தப் பெண் ஹைதராபாத் இந்தியில் "நக்கோ மம்மி", வேண்டாம் என்று சொல்லும். அக்கா நாகர்கோவில் தமிழிலேயே திட்டுவார். இருவரும் கடைசி வரை அவரவர் பாஷையை விட்டுக்கொடுக்கவே இல்லை.

அவருடைய வேலையில் எங்களுக்கெல்லாம் பிடித்த பகுதி ஆடிட் டிரெயில். டேட்டாபேஸில் எத்தனையோ டேபிள்கள் இருக்கும். எந்த டேபிளை யார் தொட்டார்கள், எந்த மெஷினிலிருந்து தொட்டார்கள், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிக்கொண்டிருக்கும். அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் எழுதுகிற நோட்டு மாதிரி. அதைத் திறந்து பார்க்கும் அனுமதி எங்கள் குழுவில் அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பவரின் பெயரும் பதிவாகும்படி அக்காவே அமைத்திருந்தார்.

எது உடைந்தாலும் உடனே ஒருவர் மேல் கை நீட்டுவது ஆபீஸ் வழக்கம். அக்கா விடமாட்டார். "பாத்துட்டுல்லா பேசணும். பாக்காம ஒருத்தன் பேரைச் சொல்லப்பிடாது மக்கா" என்று எல்லோரையும் மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, புரொஜெக்டரில் பதிவைத் திறப்பார். யார் பெயர் வருகிறதோ அவர் எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். திட்டு கிடையாது. என் பெயரும் பலமுறை வந்திருக்கிறது. பஜ்ஜிக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே எண்ணெயைக் காய வைத்துவிடுவார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து டேபிளின் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்துத் தேடினான். பெரிய எழுத்தில் கொடுத்தால்தான் வரும். ஒன்றும் வராததால், "யாருமே தொடலை மேடம்" என்று அறிவித்தான். அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனார். "ஒண்ணும் வரலன்னா ஆரும் வரலன்னு அர்த்தமில்ல மக்கா. நீ கேட்ட விதம் தப்பு" என்றார். இதை நான் என் வீட்டிலும் பலமுறை உபயோகித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. வெளிநாட்டு மருந்துக் கடைகளுக்காக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த டேபிள் ஒன்று சுத்தமாகக் காலி. எந்தக் கடைக்கு எந்த மருந்து போக வேண்டும் என்பது அதில்தான் இருந்தது. அக்கா மதியத்துக்குள் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டார். ஆனால் செய்தது யார் என்று க்ளையண்ட் கேட்டார்கள். மாலையில் போனில் பதில் சொல்ல வேண்டும்.

சோதனைக்கென வைத்திருந்த நகல் டேபிள்களை வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் முறை வைத்துக் காலி செய்வோம். அந்த வாரம் வேணுவின் முறை. அன்று அவனுக்கு நிச்சயதார்த்தம் பேசப் போகும் அவசரம். துடைத்தோமா, எதைத் துடைத்தோம் என்று அவனுக்கே நினைவில்லை. "நேனே சேசுண்டானு அண்ணா" என்றான் என்னிடம், தான்தான் செய்திருப்பேன் என்று. ஐ.டி. சரிந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த காலம். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால்தான் முகூர்த்தம் என்று பெண்ணின் அப்பா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மேனேஜர் ரகுநாதன் சாரோ, தவறு செய்தவரை நீக்கிவிட்டோம் என்று வேணு பெயர் போட்டு மெயிலே அடித்து வைத்துவிட்டார்.

"அனுப்பாதீங்க சார். பாத்துட்டு அனுப்புங்க" என்றார் அக்கா. எல்லோரும் மீட்டிங் ரூமில் உட்கார்ந்தோம். ஸ்பீக்கர் போனில் க்ளையண்ட் அம்மாள். அக்கா டேபிளின் பெயரைக் கொடுத்து, நேரவாரியாக வரிசைப்படுத்தினார். திரையில் மெஷின் பெயர், செய்த வேலை, அதற்கு எதிரே ஆள் பெயர். எஸ்தர்.

"அட கர்த்தாவே, நாந்தானா!" என்று அக்கா தலையில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "லேய் வேணு, நீ பாட்டுக்கு ஓடிட்ட. வேல பாக்கி கெடந்துது. சரி, கல்யாணக்காரன்னு நானே முடிச்சேன். ரெண்டு விண்டோ தொறந்து வச்சிருந்தேன், சோதனைக்குள்ளதுன்னு நெனச்சு நெசத்த தொடச்சிட்டேன் பாரு!"

ரகுநாதன் சார் மியூட் பட்டனை அமுக்கி, "சிஸ்டம் ஃபால்ட்னு சொல்லிடலாம் மேடம்" என்று கெஞ்சினார். அக்கா பட்டனை மறுபடி அமுக்கினார். தன் பெயரை எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் சொல்லி, நடந்ததையும் சொன்னார். போனில் அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். வேணு எழுந்து அழுதுகொண்டே சிரித்தான். அன்றைய பஜ்ஜிக்கு ஈடு இணை கிடையாது.

அந்த வருடம் அக்காவுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கென்ன மக்கா, இப்ப இருக்க நாற்காலி நல்லாத்தான இருக்கு" என்றார். வேணுவின் கல்யாணத்தில் மேளத்துக்கு முன்னால் அவர் ஆடியதைப் பார்த்துச் செல்வராஜ் அண்ணன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. பாட்டுகளும் மகளின் அழுகையும் ஓய்ந்த பின் வெளியே வந்தோம். வாசலில் ரகுநாதன் சார் நின்றிருந்தார், தலை முழுக்க நரை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வேணுவும் அவன் மனைவியும் என் பக்கத்தில் இருந்தார்கள். பேச்சு அந்தத் திங்கட்கிழமைக்குத்தான் போனது.

"அரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் சார். "மறுநாள் க்ளையண்டுக்கு அனுப்ப எல்லாப் பதிவையும் எடுத்துக் குடுத்தாங்க. அதுல இன்னொரு வரியும் இருந்துச்சு. அந்த டேபிளோட பதிவை அன்னிக்குக் காலைலயே ஒருத்தர் தொறந்து பாத்திருக்காங்க. மீட்டிங்குக்கு ரொம்ப முன்னாடி."

"யாரு?" என்றேன், பதில் தெரிந்திருந்தும்.

"ஹவ், ஆமா, எஸ்தர் மேடம்தான். அவங்க பேரு இருக்கறது காலைலயே அவங்களுக்குத் தெரியும். கேட்டேன். 'அந்தப் பய எனக்காகத்தான் அக்கா மாட்டினாங்கன்னு காலம் முழுக்க கூனிக் குறுகுவான். அப்பதான் தெரிஞ்ச மாதிரி சிரிச்சிட்டா போச்சு. சொல்லாதீங்க சார்'னாங்க. நான் கைக்கு, எதுக்கு சொல்றது? வேணுதான் சந்தோஷமா இருந்தானே."

வேணு மனைவியிடம் தெலுங்கில் முழுவதையும் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பு பீறிட்டு வந்தது அவனுக்கு. கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று உரக்கச் சிரித்தான். போதகர் திரும்பிப் பார்த்தார். யாரும் அவனை அடக்கவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

போய் வாருங்கள் அக்கா. இத்தனை வருடம் எங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள்.